விளக்கு எரிகிறது, வெந்நீர் வரவில்லை

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் மின்னியல், மின்னணுவியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



புராஜெக்ட் வைவாவில் எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு காட்சி மனப்பாடம். மேசைமேல் தெர்மாகோலில் செய்த பொம்மை வீடு. உள்ளே ஒரு பல்பு, ஒரு குட்டி ஃபேன். பின்பக்கம் நீலப் பெட்டிகள் வரிசையாக நிற்கும் ரிலே போர்டு. செல்போனைத் தொட்டால் ‘டிக்’ என்று சத்தம், பல்பு எரிகிறது, திரையில் பச்சை எழுத்தில் ‘ஆன்’. வெளியூரில் இருந்தபடியே வீட்டில் எது ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம் சார் என்று, குழுவில் நன்றாகப் பேசத் தெரிந்தவர் விளக்குவார். நான் எழுந்துபோய் பல்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொல்வேன். ‘டிக்’. திரையில் அதே பச்சை ‘ஆன்’.

உங்களை மடக்கி மார்க்கைக் குறைப்பதில் எனக்கு ஆசை இல்லை. வீட்டு மின்சாதனம் ஓடுகிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பது நல்ல தலைப்பு. சின்ன விஷயம்தானே என்று நினைத்து எடுப்பதால்தான் அது சொதப்புகிறது. அந்தத் திரைக்குப் பல்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நீங்கள் அனுப்பிய கட்டளையை உங்களிடமே திருப்பிப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. அணு உலை கட்டியவர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாம் உலை, 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணி. நீரேற்றும் பம்புகள் நின்றுபோய் அழுத்தம் ஏறியது. அதைத் தணிக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென்று இருந்த விளக்கு மட்டும் ஒழுங்காக அணைந்தது. ஏனென்றால் அந்த விளக்கு இணைக்கப்பட்டிருந்தது வால்வோடு இல்லை. வால்வைத் திறக்கும் சோலனாய்டு சுருளின் மின்சாரத்தோடு. சுருளுக்கு மின்சாரம் நின்றது, விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று அறையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். திறந்திருந்த வழியே குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியேறிக்கொண்டே இருந்தது. காலை 6:22 மணிக்குத்தான் சந்தேகம் வந்து அந்தக் குழாயில் இருந்த இன்னொரு வால்வை அடைத்தார்கள். உலையின் மையப்பகுதியில் ஏறக்குறைய பாதி உருகிப்போயிற்று. அந்த ஒரு விளக்கு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பயிற்சிக் குறை, வேறு அளவுமானிகள் காட்டிய குழப்பம் என்று விசாரணையில் பலதும் வந்தன. ஆனாலும் விபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த விளக்கை விடாமல் குறிப்பிடுவார்கள்.

அதே ரக விளக்கு உங்கள் வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது. கீசர்கள் பலவற்றில் ‘சூடாகிறது’ என்று காட்டும் விளக்கு, தெர்மோஸ்டாட்டைத் தாண்டி வரும் மின்சாரத்தில், சூடேற்றும் சுருளுக்கு இணையாக மாட்டப்பட்டிருக்கும். உப்புத் தண்ணீர் ஊர்களில் சுருளின்மேல் பாறை மாதிரி உப்புப் படிந்து, ஒருநாள் சுருள் அறுந்துபோகும். அறுந்த சுருளுக்கு வோல்டேஜ் வருவதில் எந்தத் தடையும் இல்லை. விளக்கு எரியும். அரை மணி நேரம் காத்திருந்து தண்ணீரில் கைவைத்தால் ஜில்லென்றிருக்கும். சுவிட்ச் போட்டாச்சா என்றால் போட்டாச்சு; கரண்ட் வருதா என்றால் வருது; சூடாகுதா என்றால் இல்லை.

உங்கள் புராஜெக்ட்டின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது, சாதனத்தின் வழியே மின்னோட்டம் போகிறதா, சாதனம் தன் வேலையைச் செய்கிறதா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் ஒரே பதில் வரும் நாட்கள்தான் அதிகம் என்பதால் மூன்றும் ஒன்றென்று நமக்குத் தோன்றிவிடுகிறது. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முடிவு செய்யாமல் சென்சார் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பாதீர்கள்.

எலெக்ட்ரீஷியன் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டர் முதல் கேள்விக்குப் பக்கத்தில் வரும். அதிலுள்ள நியான் பல்பு வோல்டேஜைப் பார்த்து எரிகிறது. மின்னோட்டம் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது. சுவிட்சுக்கு அப்பால் வோல்டேஜ் வந்திருக்கிறதா என்று மைக்ரோகன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டுமென்றால் ஆப்டோகப்ளர் போட்ட சின்ன போர்டுகள் கிடைக்கின்றன. 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் ஒளியால் மட்டுமே தொடர்புபடுத்துபவை. மலிவு, வேகம். ஆனால் வோல்டேஜைப் பார்ப்பவை எல்லாம் கொஞ்சம் ஏமாளிகள். நீண்ட தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ஒயர்களுக்கு நடுவே கசியும் துளி மின்சாரம் போதும், அணைத்த எல்.இ.டி. பல்பு ராத்திரியில் மங்கலாக மினுங்கும். இண்டிகேட்டர் வைத்த சுவிட்சிலும் இந்தத் தொல்லை உண்டு. பேய் வீடு என்று பயந்தவர்களையே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஃபேஸில் போட வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டு வைத்திருக்கும் பழைய வீடுகள். அங்கே சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், மின்னோட்டம் பூஜ்யம், உங்கள் சென்சார் சத்தியமாக ‘ஆஃப்’ என்று சொல்லும். அதை நம்பி இணைப்பைக் கழற்றக் கை வைத்தவருக்கு ஷாக் அடிக்கும். ஓடவில்லை என்பது வேறு, தொடலாம் என்பது வேறு. உங்கள் செயலியில் ‘ஆஃப்’ என்று எழுதும்போது பார்ப்பவர் எதை நினைத்துக்கொள்வார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது மின்னோட்டத்துக்கு, உங்களில் பாதிப்பேர் ஏ.சி.எஸ். 712 என்ற ஹால் சென்சாரை வாங்குவீர்கள். அதிலும் 30 ஆம்பியர் ரகம், ‘பெரிதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்ற கணக்கில். அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 30 ஆம்பியர் ரகம் ஓர் ஆம்பியருக்கு 66 மில்லிவோல்ட் தரும். 9 வாட் எல்.இ.டி. பல்பு, பவர் ஃபேக்டரை மறந்துவிட்டால், 230 வோல்ட்டில் இழுப்பது 39 மில்லி ஆம்பியர். சென்சாரில் வருவது சுமார் 2.6 மில்லிவோல்ட். அர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.9 மில்லிவோல்ட். பல்பு எரிவது ஒரு படிகூட ஏறவில்லை, அதற்குமேல் சென்சாரின் சொந்த இரைச்சல் வேறு. கீசரை அளக்க வாங்கியதை வைத்துப் பல்பைத் தேடினால் இப்படித்தான். 5 ஆம்பியர் ரகம் ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தருவதால் அங்கே கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

ஒயரை வெட்டாமல் அளக்க விரும்புகிறவர்கள் கவ்வி ரக கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போவார்கள். எஸ்.சி.டி. 013 என்ற நீலநிறக் கவ்வி எங்கும் கிடைக்கிறது. 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தருகிற ரகத்தில் விகிதம் 2000க்கு 1. நமது 9 வாட் பல்புக்கு அது தருவது 20 மைக்ரோ ஆம்பியர். இங்கே ஒரு பழைய வித்தை இருக்கிறது. ஃபேஸ் ஒயரைக் கவ்விக்குள் ஒருமுறை விடுவதற்குப் பதில் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டால் அளவும் பத்து மடங்காகும். கோடிங்கில் பத்தால் வகுக்க மறக்கக் கூடாது.

கவ்வி வாங்கிய குழுக்களிடம் தவறாமல் கேட்கும் புலம்பல், ‘பூஜ்யமே காட்டுது சார், சென்சார் போச்சு’ என்பது. போய்ப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் கார்டின் முழு ஒயரையும் கவ்வியிருப்பார்கள். உள்ளே ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கவ்விக்குத் தெரிவது பூஜ்யம். அப்படிப் பூஜ்யம் வராவிட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் போனது முழுதும் திரும்பவில்லை, எங்கேயோ தரைக்குக் கசிகிறது என்று அர்த்தம். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. இதே வேலையைத்தான் செய்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். தப்பாக மாட்டிய சென்சார் ஓர் உயிர்காக்கும் கருவியின் தத்துவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டது, அந்தப் பாடத்துக்கே ஐந்து மார்க் போடலாம்.

இந்தப் பகுதியை விட்டுப் போகுமுன் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கத்தை, முதல் பக்கத்தில் மின்னோட்டம் ஓடும்போது திறந்துவிடக் கூடாது, அங்கே ஆபத்தான அளவுக்கு வோல்டேஜ் ஏறும். சின்னக் கவ்விகள் சிலவற்றில் உள்ளேயே பாதுகாப்பு இருக்கும். அதை நம்பிப் பழகினால் பெரிய ஆய்வகத்தில் கை சுடும். ஏ.சி.எஸ். 712 போர்டின் அடிப்பக்கத்தில் சால்டர் வைத்த புள்ளிகள் அப்படியே 230 வோல்ட். அதை மேசைமேல் திறந்தபடி வைத்துக்கொண்டு, ‘டெமோதானே சார்’ என்று சொல்லும் குழுவின் பக்கம் நான் வரமாட்டேன். பிரெட்போர்டில் வீட்டு மின்சாரம் வரவே கூடாது.

இனி அயர்ன் பாக்ஸ். சாதனங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். உங்கள் எளிய கணக்குகளை எல்லாம் அது கலைத்துப்போடும். 1000 வாட் பெட்டி 4.3 ஆம்பியர் இழுக்கும், கண்ணை மூடிக்கொண்டு அளக்கலாம். ஆனால் தேவையான சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் மின்னோட்டத்தை வெட்டிவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சேர்க்கும். வெட்டியிருக்கும் நேரத்தில் உங்கள் சென்சார் ‘ஆஃப்’ என்கிறது. பெட்டியோ சட்டையைப் பொசுக்கும் சூட்டில் இருக்கிறது. ஃபிரிட்ஜும் இப்படித்தான், கம்ப்ரஸர் ஓடும், நிற்கும். வாஷிங் மெஷின் ஊறவைக்கும் நேரத்தில் ஒன்றும் இழுக்காமல் சும்மா இருக்கும். இவற்றுக்கெல்லாம் ‘இப்போது மின்னோட்டம் எவ்வளவு’ என்ற ஒற்றை அளவு போதாது. கடந்த சில நிமிடங்களில் என்ன நடந்தது என்ற நினைவு வேண்டும். குறிப்பிட்ட நேரம் வரை தொடர்ந்து கீழேயே இருந்தால்தான் ‘முடிந்தது’ என்று முடிவுகட்ட வேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். உட்கார்ந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். கைடிடமும் பதில் இருக்காது.

மூன்றாவது கேள்விக்குப் போனால் நம் ஊர் வீடுகளில் முதலில் நிற்பது தண்ணி மோட்டார். மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம்தான் பல வீடுகளில் இன்றைக்கும் சென்சார். எதிர்வீட்டு அக்கா ‘மோட்டார ஆஃப் பண்ணுங்க’ என்று குரல் கொடுப்பதுதான் அலாரம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்பது அதைவிட மோசம். கிணறோ சம்ப்போ வற்றிப்போய் வெறுமனே சுற்றினால் சீல் போகும், பிறகு மோட்டாரே போகும். இதைக் கண்டுபிடிக்கக் கரண்ட் சென்சார் போதும், சுமை குறைந்தால் மின்னோட்டம் குறையும் என்று எழுதிக்கொண்டு வருவீர்கள். பாடப்புத்தகத்தில் அது சரி. வீட்டில் இருக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் காந்தப்புலத்தை உண்டாக்கவே கணிசமான மின்னோட்டம் போய்விடும். சுமை இல்லாவிட்டாலும் அது குறையாது. ஆகவே ஆம்பியரில் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். வோல்டேஜ் ஆடினால் அந்த வித்தியாசமும் அதில் கரைந்துவிடும். நன்றாகக் குறைவது பவர் ஃபேக்டரும் வாட்டும். எனவே மோட்டாருக்கு வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் ஒரே கணத்தில் சேர்த்து அளந்து உண்மையான வாட் கணக்கிடுங்கள். அதற்கென்றே எனர்ஜி மீட்டர் சிப் போட்ட போர்டுகள் மலிவாக வந்துவிட்டன. இல்லாவிட்டால் குழாயில் ஒரு ஃப்ளோ சென்சாரைப் போட்டுத் தண்ணீரையே கேட்டுவிடலாம். மின்னியல் மாணவருக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தோன்றலாம், ஆனால் பதில் சரியாக வரும்.

வாடகை வீட்டில் சுவிட்ச் போர்டைத் திறக்க ஓனர் விடமாட்டார். அப்போது மின்சாரத்தைத் தொடாமலே கண்டுபிடிக்க வழிகள் உண்டு. வாஷிங் மெஷின் உடம்பில் ஓர் அதிர்வு சென்சாரை ஒட்டலாம், அயர்ன் பாக்ஸ் நிறுத்தும் இடத்தில் வெப்ப சென்சார் வைக்கலாம். எட்டணா வேலை, எவருக்கும் ஷாக் அடிக்காது.

உங்களில் துணிச்சல்காரர்கள் சாதனத்துக்கு ஒரு சென்சார் எதற்கு, மீட்டர் பக்கத்தில் ஒன்றே ஒன்று போதாதா என்று கேட்பார்கள். 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் இதைத்தான் கேட்டார். வீட்டுக்குள் நுழையும் மொத்த மின்சாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சாதனமும் போடும்போது ஒரு படி ஏறுகிறது, அணைக்கும்போது அதே அளவு இறங்குகிறது. எத்தனை வாட், எத்தனை ரியாக்டிவ் வார் என்ற இரண்டு எண்களை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் ஃபிரிட்ஜ் ஒரு மூலையிலும் ஹீட்டர் ஒரு மூலையிலும் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கும். 1992-ல் இதை அவர் விரிவாக எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறையில் பலரும் தொடங்குகிறார்கள். (ஹார்ட் பிறகு கணிதச் சிற்பங்கள் செய்யப் போய்விட்டார், நியூயார்க்கில் உள்ள தேசியக் கணித அருங்காட்சியகத்தை நிறுவியவர்களில் ஒருவர். சிலர் அப்படி அதிர்ஷ்டசாலிகள்.)

அவருடைய முறையை நம் தெருவில் கொண்டுவந்தால் முதலில் இடிக்கிறது வோல்டேஜ். ஹீட்டர் போன்ற சாதனங்களில் வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2000 வாட் இழுக்கும் கீசர், சாயங்காலம் 200 வோல்ட்டாகக் குறைந்தால் 1512 வாட்தான் இழுக்கும். பார்க்கும் நிரலுக்கு அது வேறொரு சாதனம். ஹார்ட்டே இதை யோசித்து, அளவை ஒரு நிலையான வோல்டேஜுக்கு மாற்றிக்கொண்டுதான் ஒப்பிட்டார். உங்கள் நிரலில் அந்த வரியைக் காணவில்லை. இன்வெர்ட்டர் ஏ.சி.யும் பி.எல்.டி.சி. ஃபேனும் ஒரே படியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கி இந்த முறையைத் தடுமாற வைக்கின்றன. யு.பி.எஸ். இருக்கும் வீட்டில் இன்னும் வேடிக்கை. கரண்ட் போனதும் மீட்டருக்குப் பூஜ்யம், உள்ளே ஃபேனும் லைட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்ததும் பேட்டரி சார்ஜ் ஆவதை ஏதோ புதிய சாதனம் போட்டதாக நிரல் அறிவிக்கும்.

டெல்லியில் ஒரு மூன்று மாடி வீட்டில் 2013 மே முதல் ஆகஸ்ட் வரை 73 நாள், 33 சென்சார்களை வைத்து ஆய்வு நடந்தது. ‘ஐ.ஏ.டபிள்யூ.இ.’ என்ற பெயரில் அந்தத் தரவை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டிருக்கிறார்கள். அதுவரை வந்திருந்த தரவில் பெரும்பகுதி பணக்கார நாடுகளின் வீடுகளிலிருந்து வந்தது. மின்சாரமும் இணையமும் நினைத்தபோது போகும் இடத்தில் என்ன செய்வது என்பதற்கு அவர்கள் கண்ட விடை எளியது: அளந்ததை முதலில் அங்கேயே சேமி, இணைப்பு இருக்கும்போது மேலே அனுப்பு. அமெரிக்க வீட்டின் தரவை இறக்கிப் பயிற்சி கொடுத்து 98 சதவீதம் துல்லியம் என்று ஸ்லைடு போடுவதற்கு முன்னால் இந்தத் தரவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஹார்ட் செய்த இன்னொரு காரியத்தை உங்கள் இலக்கிய ஆய்வுப் பகுதியில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. 1989-லேயே, தன் முறையைக் கொண்டு மின்கம்பியிலிருந்து ஒரு வீட்டை உளவு பார்க்க முடியும் என்று அவரே எச்சரித்து ஒரு கட்டுரை எழுதினார். 2011-ல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள், 2 வினாடிக்கு ஒருமுறை அளவு அனுப்பும் மீட்டரின் தரவிலிருந்து, சரியான சூழல் அமைந்தால் டி.வி.யில் என்ன படம் ஓடுகிறது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். திரையின் வெளிச்சம் கூடிக் குறைவது வாட்டில் தெரிகிறது. அமெரிக்காவின் நேப்பர்வில் நகரில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கும் மீட்டரை எதிர்த்துப் போன வழக்கில், 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வீட்டைச் சோதனையிடுவதற்குச் சமம் என்றே சொன்னது. அந்தச் சோதனை நியாயமானது என்றும் சேர்த்துச் சொல்லி நகராட்சிப் பக்கம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2021-ல் தொடங்கிய மத்திய அரசின் திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. அதனால் இது வெளிநாட்டுக் கவலை என்று தள்ளிவிட முடியாது.

இதெல்லாம் தூரமாகத் தெரிந்தால் உங்கள் ஹாஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கெட்டிலில் நூடுல்ஸ் போடும் அறை எது, பக்கெட்டில் வாட்டர் ஹீட்டர் கம்பியை விட்டிருக்கும் அறை எது என்று வார்டன் தன் அறையில் உட்கார்ந்தபடியே பார்க்கும் கருவியை நீங்களே செய்து கொடுக்கப் போகிறீர்கள். அவரிடம் நியாயம் இருக்கிறது, அந்தக் கம்பியால் தீப்பிடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உங்களிடமும் நியாயம் இருக்கிறது. இதே கருவி குடியிருப்பவரின் மோட்டாரை எண்ணும் வீட்டு ஓனரிடம் போகும், மருமகள் எத்தனை மணிக்கு ஏ.சி.யை அணைத்தாள் என்று பார்க்கும் வீட்டுக்கும் போகும். எவருடைய சாதனம் என்ற கேள்வியும் எவருடைய திரை என்ற கேள்வியும் வேறு வேறாக இருக்கும்போது, அறிக்கையில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நல்ல உதாரணமும் உண்டு. ஜப்பானில் ஸோஜிருஷி நிறுவனம் 2001-ல் ஒரு மின்கெட்டில் சேவையைத் தொடங்கியது. தனியாக இருக்கும் வயதானவர் டீக்கு வெந்நீர் எடுத்தாரா என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சல் போகும். பிள்ளைகள் எல்லாம் கடல் தாண்டிப் போய்விட்ட கும்பகோணத்து வீடுகளுக்கும் அது பொருந்தும் யோசனைதான், அம்மாவிடம் சொல்லிவிட்டு வைத்தால். அந்தக் கெட்டிலில் காமிரா இல்லை, மைக் இல்லை. போகிற செய்தியும் கொஞ்சம்தான். குறைவாகக் கேட்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி.

இவ்வளவும் படித்துவிட்டு, ‘அப்ப என்னதான் செய்யலாம், நீங்களே சொல்லுங்க சார்’ என்பீர்கள். ஒன்று சொல்கிறேன், இதுவரை எவரும் என் மேசைக்குக் கொண்டுவராதது.

ஒருவர் அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறார். பெட்டி துணியின்மேல் படுத்திருக்கிறது, சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வருகிறது. கரண்ட் இல்லாத அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் மின்னோட்ட சென்சார், கவ்வி, எனர்ஜி மீட்டர் சிப் எல்லாமே ‘ஆஃப்’ என்றுதான் சொல்லியிருக்கும், பாவம், அவை பொய் சொல்லவில்லை. இங்கே தேவைப்பட்டது முதல் கேள்விக்கான பதில்: சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பது. இத்தனை நேரம் மட்டமாகப் பேசிய அந்தக் கேள்விதான் வீட்டைக் காப்பாற்றியிருக்கும்.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் விடை தெரியும், பம்ப்செட் அறையின் சுவரில் மாட்டியிருக்கிறது. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. நோ வோல்ட் பாதுகாப்பு என்று படித்திருப்பீர்கள். (நடுராத்திரி வரும் கரண்ட்டுக்காக விவசாயிகள் அதன்மேல் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி அந்தப் பாதுகாப்பைத் தூக்கிவிடுவது வேறு கதை.) பட்டறை லேத்துக்கு இருக்கும் இந்த வசதி அயர்ன் பாக்ஸ் மாட்டும் பிளக் பாயிண்ட்டுக்கு இல்லை.

ஒரு பிளக் பாயிண்ட் அளவில் அதைச் செய்யுங்கள். தன் காண்டாக்ட் வழியாகவே தன் காயிலுக்கு மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஒரு ரிலே, போடுவதற்கு ஒரு அழுத்துப் பொத்தான், நிறுத்துவதற்கு ஒன்று, எல்லாவற்றையும் மூடும் நல்ல பிளாஸ்டிக் பெட்டி. 4.3 ஆம்பியருக்குப் பத்து ஆம்பியர் காண்டாக்ட் தாராளம். கரண்ட் இருக்கும்போதே மறந்து போகிறவர்களுக்கு அரை மணி நேர டைமர் சேர்க்கலாம். இதில் மைக்ரோகன்ட்ரோலர் எங்கே, கிளவுட் எங்கே என்று ரிவ்யூவில் கேட்பார்கள். கேட்டால், எத்தனை தடவை காயில் விட்டது, எப்போது விட்டது என்று எழுதிவைக்க ஒரு சின்ன போர்டைப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் ரிலே அதை நம்பி இயங்கக் கூடாது, போர்டைக் கழற்றினாலும் பாதுகாப்பு நிற்க வேண்டும். வைவாவில் நான் முதலில் கழற்றப்போவது அதைத்தான்.

ரிலே வாங்கும்போது காயில் 230 வோல்ட் ஏ.சி. என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புராஜெக்ட் பசங்க என்று தெரிந்தால் கடைக்காரர் பழக்கத்தில் 12 வோல்ட் டி.சி.யைத்தான் எடுத்து நீட்டுவார்.

அன்புடன்,
மின்னியல் ஆய்வகத்தில் தலை நரைத்த ஒருவன்